"சின்ன வேலைதானே தம்பி, செய்து தாங்கோவன்"

 

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள். கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் பள்ளிவாசல் நிகழ்ச்சிக்கும் கடைத் திறப்புக்கும் யாரோ ஒரு பெடியனைக் கூப்பிட்டு "தம்பி, ஒரு நோட்டீஸ் செய்து தாங்கோ" என்று சொல்லிப் பழகியவர்கள் கட்டாயம் வாசியுங்கள். அந்தப் பட்டியலில் நாங்களும் இருக்கிறோம்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். எழுதுகிறவர் வணிகப் பாடம் படிப்பிக்கிறவர். வாசித்துத் திருத்தியவர் பக்கத்து வகுப்பறையில் சித்திரம் படிப்பிக்கிறவர். பதினைந்து வருடமாக ஒரே ஓய்வறையில் ஒரே மேசையில் தேத்தண்ணி குடிக்கிறோம். படிப்பிக்கிற பாடங்களைப் பற்றி இவ்வளவு காலமும் ஒருவரோடொருவர் ஒழுங்காகக் கதைத்ததில்லை என்பது போன மாதம்தான் விளங்கியது.

போன மாதம் எங்களிடம் படித்த ஒரு பிள்ளை நற்சான்றிதழ் வாங்க வந்தார். "கட்டாருக்குப் போறன் சேர், ஸ்டோர்ஸ் வேலை" என்றார். எங்களுக்கு அதிர்ச்சி. பத்தாம் வகுப்பிலிருந்தே கணினியில் கைதேர்ந்த பிள்ளை. விளையாட்டுப் போட்டிக்குப் பனர், பரிசளிப்பு விழாவுக்கு மலர் அட்டை, ஆசிரியர் தினத்துக்கு வாழ்த்து மடல், மீலாத் விழாவுக்கு நோட்டீஸ், நண்பர்களின் கோயில்களுக்குத் திருவிழாச் சுவரொட்டி என்று எல்லாம் அவர் கையால் வந்தவைதான். உயர்தரம் முடித்த பிறகு வீட்டு விறாந்தையில் ஒரு மேசையைப் போட்டு டிசைன் வேலை தொடங்கினார். இரண்டு வருடம்கூட ஓடவில்லை.

"வேலை வரேல்லையோ?" என்று கேட்டோம்.

"வேலைக்குக் குறைவில்லை சேர். காசுதான் வரேல்லை" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினார். பெயர், வேலை, தொகை. அவர் கூட்டிப் பார்த்திருக்கவில்லை. நாங்கள் அதிலேயே கூட்டினோம். 186,500 ரூபா. எல்லாம் "பிறகு தாறன்" என்று சொல்லிப் போனவர்களின் கணக்கு. பட்டியலின் அடியில் ஒரு வரி, "ஸ்கூல் மலர், மூன்று வருசம்". தொகை போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

எங்கள் மலர்தான் அது. ஒரு சதமும் கொடுக்கவில்லை. மேடைக்குக் கூப்பிட்டுக் கை தட்டினோம், சான்றிதழ் கொடுத்தோம். அந்தப் பிள்ளையிடம் முதன்முதலில் சும்மா வேலை வாங்கிப் பழக்கியவர்கள் நாங்கள்தான். ஊர் பிறகுதான் வந்தது.

சாதாரண தரத்தில் ஆறு பாடம் கட்டாயம், மூன்று தொகுதியிலிருந்து ஒவ்வொரு பாடம் விருப்பம் என்பது பெற்றோருக்குத் தெரியும். ஒரு தொகுதியில் வணிகக் கல்வியும் கணக்கீடும், தொழில் முயற்சியாண்மைக் கல்வி போன்றவை வருகின்றன. இன்னொன்றில் சித்திரம், சங்கீதம், நடனம். மூன்றாவதில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், கலையும் கைப்பணியும், வடிவமைப்போடு சேர்ந்த தொழினுட்பப் பாடங்கள். ஆகவே ஒரு பிள்ளை வணிகமும் சித்திரமும் கணினியும் மூன்றையும் ஒன்றாகப் படிக்கலாம். இந்தப் பிள்ளையும் அப்படித்தான் படித்தார், மூன்றிலும் நல்ல பெறுபேறு. ஆனால் மூன்றும் அவருடைய தலைக்குள் மூன்று தனி அறைகளில் பூட்டிக் கிடந்தன.

வணிகப் பாடத்தில் பெறுமானத் தேய்வு படிப்பிக்கிறோம். உதாரணம் எப்போதும் மோட்டார் வாகனம், இயந்திரம், தளபாடம். மடிக்கணினியை வைத்து ஒரு நாளும் செய்து காட்டியதில்லை. சித்திர பாடத்தில் வர்ணச் சேர்க்கையும் ஒழுங்கமைப்பும் படிப்பிக்கிறோம். அந்தப் படத்துக்கு என்ன விலை என்று கேட்டால் கலையை அவமதிக்கிற மாதிரி ஒரு மௌனம் வகுப்பில் விழுகிறது. இதைச் சித்திர ஆசிரியரே ஒத்துக்கொண்டார்.

அன்று அந்தப் பிள்ளையை இருத்தி ஒரு கணக்குப் போட்டோம். கலியாண அழைப்பிதழ் ஒன்றை வடிவமைக்க எவ்வளவு எடுப்பீர் என்று கேட்டோம். 1,500 ரூபா. எவ்வளவு நேரம்? திருத்தங்களோடு ஆறு மணித்தியாலம். சரி என்று கரும்பலகையில் எழுதத் தொடங்கினோம்.

மடிக்கணினி 240,000 ரூபா. நாலு வருடம் உழைக்கும் என்று வைத்தால் மாதம் 5,000. இன்ரநெற் 3,000. மின்சாரம் 2,000. பெற்றோலுக்கும் திருத்த வேலைக்கும் 2,000. மாதம் 12,000 ரூபா செலவு, அவர் ஒரு கோடு கீறுவதற்கு முன்பே. மாதத்தில் 200 மணித்தியாலம் வேலை என்று இருந்தாலும் காசு கிடைக்கிற வேலைக்குப் போவது பாதிதான். மீதி வட்ஸ்அப்பில் கதைக்கவும், பிறின்ற் கடைக்கு ஓடவும், சும்மா காத்திருக்கவும் போகிறது. ஆகவே 100 மணித்தியாலம், ஒன்றுக்குச் செலவு 120 ரூபா. தனக்கு மாதம் 60,000 ரூபா சம்பளம் வேண்டும் என்றால் மணித்தியாலத்துக்கு இன்னும் 600. கூட்டினால் 720. ஆறு மணித்தியால வேலைக்கு 4,320 ரூபா.

அவர் 1,500 எடுத்திருக்கிறார். அதிலும் பாதிப் பேர் தரவில்லை.

கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார், "இதை ஏன் சேர் நீங்கள் அப்பவே சொல்லித் தரேல்லை?" பத்தாம் பதினோராம் வகுப்புக் கணக்கு. இரண்டு வருடம் எங்கள் முன்னால் இருந்து படித்த பிள்ளை. எங்களிடம் பதில் இருக்கவில்லை.

நைக்கி சப்பாத்தின் அடையாளத்தை எல்லோருக்கும் தெரியும். அதை 1971இல் கீறியவர் கரோலின் டேவிட்சன். அப்போது அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வரைகலை மாணவி. நிறுவனத்தைத் தொடங்கிய பில் நைட் அதே பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிப்பித்தவர். வேலைக்குக் கிடைத்தது 35 டொலர். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் "பாருங்கோ, எப்படி ஏமாந்திட்டா" என்றுதான் முடிப்பார்கள். பல வருடம் கழித்து, 1983இல், நிறுவனம் அவருக்கு மோதிரமும் பங்குகளும் கொடுத்தது என்பது கதையின் அடுத்த பாதி. எங்களுக்கு அதில் வேறு ஒன்று கண்ணில் படுகிறது. மணித்தியாலத்துக்கு 2 டொலர் என்று அவருக்கு ஒரு விலை இருந்தது. பதினேழரை மணித்தியாலம் என்று எண்ணி அதற்குப் பில் கொடுத்தார். விலை குறைவுதான், ஆனால் விலை என்று ஒன்று இருந்தது. எங்கள் பிள்ளைகளிடம் அதுகூட இல்லை. "நீங்கள் விரும்பினதைத் தாங்கோ" என்பதுதான் இவர்களுடைய விலைப்பட்டியல்.

இலங்கையிலேயே பார்ப்போம். கொழும்பில் பெயார்ஃபுட் கடையைக் கண்டவர்கள் இருப்பீர்கள். 2022இல் காலமான பார்பரா சன்சோனி 1960களில் கைத்தறி நெசவுப் பெண்களுக்காக நிறங்களை அமைத்துக் கொடுக்கத் தொடங்கி வளர்த்தது அது. நிறம் பார்க்கும் கண் அவருக்கு அபாரம். ஆனால் கண்ணோடு நின்றிருந்தால் நாலு கண்காட்சியோடு முடிந்திருக்கும். நூல் வாங்குவது, நெய்பவருக்குக் கூலி, கடை, விற்பனை எல்லாம் அந்த நிறங்களின் பின்னால் நின்றன. எங்கள் பக்கத்தில் பனையோலையில் எத்தனை கை வேலை இருக்கிறது! பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. பெட்டி இழைக்கிற அக்காவிடம் ஒரு பெட்டிக்கு எத்தனை மணித்தியாலம் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் ஆர் தம்பி பாத்தது" என்பார்.

இதைச் சின்ன விடயம் என்று நினைக்காதீர்கள். முன்னர் இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்த மருதனார்மடப் பீடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் பட்டப்படிப்பாக இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவில் வரைகலை, ஆடை வடிவமைப்பு, உள்ளக வடிவமைப்பு எல்லாம் பாடமாக வந்துவிட்டன. படிக்கிற பிள்ளைகள் கூடுகிறார்கள். வீட்டிலிருந்து ஆரி வேலை, அபாயா தையல், கேக் அலங்காரம், மருதாணி என்று செய்கிற பெண் பிள்ளைகளைச் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். அவர்களில் பலருக்கு இது கலியாணத்துக்கு முன்னும் பின்னும் வீட்டை விட்டுப் போகாமல் உழைக்கக்கூடிய ஒரே வழி. அந்த வழியைத்தான் "சின்ன வேலைதானே" என்ற ஒரு வசனத்தால் நாங்கள் அடைக்கிறோம்.

எங்கள் முஸ்லிம் சமூகத்துக்குத் தனியாக ஒன்று. குர்ஆனில் ஆக நீளமான வசனம் எது என்று மதரசாப் பிள்ளையிடம் கேளுங்கள், சொல்லும். சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிக்க வேண்டாம் என்பது அதிலேயே வருகிறது. இதை ஓதி வளர்ந்த நாங்கள், பள்ளிவாசல் நோட்டீசுக்கு ஒரு பிள்ளை விலை கேட்டால் "நன்மை கிடைக்கும் தானே" என்கிறோம். நன்மை வேண்டும் என்று பிள்ளையாக விரும்பிச் செய்தால் அது சதகா. நாங்கள் கேட்டு வாங்கினால் அது கூலி கொடுக்காத வேலை. இரண்டையும் குழப்பக் கூடாது. (கோயில் நிர்வாகத்தாரும் தேவாலயத்தாரும் சிரிக்க வேண்டாம். உங்கள் கணக்கும் அந்தப் பட்டியலில் இருந்தது.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். சோனகத் தெருவிலும் அதைச் சுற்றியும் தையல்காரர் நிறையப் பேர் இருந்தார்கள். தைக்கிற கை அவர்களோடு புத்தளத்துக்குப் போனது. யார் எவ்வளவு தர வேண்டும் என்று எழுதிய கொப்பி போகவில்லை. பலரிடம் கொப்பியே இருக்கவில்லை, எல்லாம் மனக்கணக்கு. ஒரு மெஷினை இரவல் வாங்கி முகாமில் தைக்கத் தொடங்கியபோது, எத்தனை சேட்டுத் தைத்தால் இன்னொரு மெஷின் வாங்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் எழும்பினார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல கைவேலைக்காரர் எல்லோரும் எழும்பவில்லை என்பதையும் அவர்களே சொல்வார்கள். ஊருக்குத் திரும்பி வந்திருக்கிற எங்கள் பிள்ளைகளுக்குக் கையை மட்டும் கொடுத்துக் கொப்பியைக் கொடுக்காமல் விடலாமா?

இனிப் பிள்ளைகளுக்கு நேரடியாகச் சில விடயம். வேலை தொடங்க முன் பாதிக் காசு வாங்குங்கள். உறவு முறிந்துவிடும் என்று பயப்படாதீர்கள். மண்டபக்காரரும் சமையல்காரரும் பந்தல்காரரும் அட்வான்ஸ் வாங்காமல் வருவதில்லை. அவர்களோடு ஒருவரும் கோபித்துக்கொண்டதாக நாங்கள் கேள்விப்படவில்லை. இரண்டு தரம் திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து காசு என்று முதலே எழுதி அனுப்புங்கள். "கடைசியா ஒரு சின்ன மாற்றம்" என்று பதினொரு தரம் வந்த வட்ஸ்அப்பை எங்களுக்கு அந்தப் பிள்ளை காட்டினார். பதினொராவது மாற்றத்தோடு டிசைன் முதலாவதுக்கே திரும்பி வந்திருந்தது.

சட்டமும் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் சொந்தமாக உருவாக்கிய படைப்பின் பதிப்புரிமை எங்கும் பதியாமலே உங்களுடையது. உங்கள் ஆயுள் காலமும் அதன் பிறகு 70 வருடமும் அது நிற்கும். உரிமையைக் கைமாற்றுவதென்றால் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். ஆனால் ஓர் அச்சகத்தில் சம்பளத்துக்கு இருந்து அந்த வேலையின் பகுதியாகச் செய்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை உரிமை முதலாளிக்கு. இந்த வித்தியாசம் தெரியாமல் "நான் செய்த லோகோ" என்று சண்டைக்குப் போய் வேலையை இழந்தவர்களும் உண்டு. நகை, பனையோலைப் பொருள், தளபாடம் போன்றவற்றின் புதிய தோற்றம் வேறு கதை. அதைக் கைத்தொழில் வடிவமைப்பாகத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியலாம். முதலில் ஐந்து வருடம், புதுப்பித்தால் மொத்தம் பதினைந்து. பதிவதற்கு முதல் படத்தை பேஸ்புக்கில் போட்டுவிட்டால் "புதியது" என்ற தகுதி போய்விடும். விருப்பக் குறிக்கு ஆசைப்பட்டு இதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் ஒப்பந்தத்தில் வாப்பாவோ உம்மாவோ அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையொப்பமிட வேண்டும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்து, அந்தப் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் திறந்தால், பில் கொடுக்கும்போது எதிரில் நிற்கிறவரின் தொனியே மாறும்.

வெளிநாட்டு வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் சனம் சாமத்திய வீட்டு அல்பத்திலிருந்து கடைப் பெயர்ப்பலகை வரைக்கும் இங்கே செய்விக்கிறார்கள். அங்கே கொடுக்கிற விலையில் ஒரு துண்டுதான் இங்கே வருகிறது, அது பரவாயில்லை. ஆனால் காசு எப்படி வரும்? இலங்கையில் பேபால் கணக்கால் காசு கட்டலாம், வாங்க முடியாது என்ற நிலை நீண்ட காலமாக இருந்து வந்தது. பேயோனியர் மாதிரி வழிகளையோ நேரடி வங்கி மாற்றலையோ வேலை தொடங்க முன்னமே பேசி முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வருகிற பதில் ஒன்றுதான், "ஓகஸ்ட்டில ஒராள் ஊருக்கு வருது, அவரிட்ட குடுத்து விடுறன்". அந்த ஒராளை எதிர்பார்த்து அந்தப் பிள்ளை இரண்டு ஓகஸ்ட்டைக் கடந்தார். வெளிநாட்டு உறவுகளே, இதை வாசித்துவிட்டு "உண்மை" என்று கீழே எழுதிப் போகாமல், யாருக்காவது கொடுக்க இருந்தால் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

பெற்றோர் சிலர் கேட்பார்கள், படம் கீறிச் சோறு தின்னலாமா என்று. நியாயமான கேள்வி. எல்லோராலும் முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்து "எனக்கு இது கட்டாது" என்று பதினேழு வயதில் ஒரு பிள்ளை வேறு துறைக்குப் போனால் அதில் ஒரு நட்டமும் இல்லை. இருபத்தொரு வயதில் கடன் பட்டியலோடு போவதுதான் நட்டம்.

நாங்கள் இரண்டு பேரும் செய்யப் போவது இதுதான். அடுத்த தவணையிலிருந்து பத்தாம் வகுப்பில் மாதம் ஒரு நாள் சித்திரமும் வணிகமும் ஒரே வகுப்பாக நடக்கும். அதிபர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒரு பிள்ளை வடிவமைக்கும், இன்னொரு பிள்ளை வாடிக்கையாளராக நடித்துக் கழுத்தறுக்கும். விலை சொல்லவும், "முடியாது" என்று மரியாதையாகச் சொல்லவும், கொட்டேஷனும் பற்றுச்சீட்டும் எழுதவும் அங்கே பழக்குவோம். பிறின்ற் கடை நடத்துகிற நானாமார், அண்ணாமார் யாராவது ஒரு மணித்தியாலம் வந்து உண்மையான கதையைச் சொன்னால் பெரிய உதவி. உங்கள் பிள்ளைகளிடம் நாங்கள் ஏதாவது சும்மா கேட்டால், விலை என்ன என்று திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளையின் பயணம் அடுத்த மாதம். நிற்கச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை, சொல்லவும் இல்லை. ஆனால் வெறுமையாக விட்ட அந்த வரிக்குத் தொகை போட்டு, பாடசாலைக்கு ஒரு கொட்டேஷன் அனுப்பச் சொன்னோம். முந்தாநாள் வந்தது. மூன்று மலர், 50 மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு 720 ரூபா, மொத்தம் 36,000. பழைய மாணவர் கழிவு 10 வீதம். நிகரத் தொகை 32,400 ரூபா. கழிவை நாங்கள் கேட்கவில்லை.

வருகிற சனிக்கிழமை காலை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைச் சமர்ப்பிக்கிறோம். "முடிஞ்ச வேலைக்கு இப்ப என்னத்துக்குக் காசு" என்று கேட்கப்போகிறவர்கள் யார் என்றும் எங்களுக்குத் தெரியும். பெற்றோர் வந்து கை தூக்கினால் நல்லது.